புட்டு மாவுப் பதம்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். விவசாயம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. எட்டயபுரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு ஆறு ஏக்கர் காடு இருக்கிறது. காடு என்றதும் மரம் செடி கொடி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். நடுவில் ஒரு வேப்பமரம், ஓடைக்கரையில் வரிசையாக உடைமரம், மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல்.

அப்பா இருந்தவரை எனக்கு அந்த நிலத்தின் நெளிவுசுளிவு எதுவும் தெரியாது. அவருக்குப் பிறகு அம்மா வாடகை டிராக்டர் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். வாடகை வண்டிக்காரர்களுக்கு நம் காடு பத்தோடு பதினொன்று. கூப்பிட்ட அன்றைக்கு வரமாட்டார்கள், வந்த அன்றைக்கு மண் தோதாக இருக்காது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நானும் அத்தானும் பாதிக்குப் பாதி போட்டு 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றைப் பழசாக வாங்கினோம். கூடவே டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ஐந்தடி அகல ரோட்டவேட்டர், அதாவது சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்குகிற மிஷின். அதுவும் பழசுதான். 36 பிளேடு. வாங்கிய அன்று அதைத் தலைகீழாக நிறுத்திக் கழுவி, பிளேடு முனையையெல்லாம் தடவிப் பார்த்தேன். கலப்பையில் மூன்று நான்கு சால் ஓட்டுகிற வேலையை இது ஒரே சாலில் முடித்துவிடும் என்று அத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் கோடையிலேயே இறக்கினேன். மே மாதம். காட்டில் போன வருஷத்துப் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, பிடுங்காமல் நின்றது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிசல் வெடிப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உள்ளே ஒரு கம்பை விட்டால் முழங்கை ஆழம்கூடத் தடையில்லாமல் போகும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டு வெடிப்புக்கு நடுவில் இருக்கும் பாளமோ கருங்கல்தான். மண்வெட்டியால் ஓங்கிப் போட்டால் டங்கென்று கை அதிரும்.

லோ கியரில் போட்டு, இன்ஜின் விசையைப் பின்னால் இருக்கும் மிஷினுக்குக் கொடுக்கிற பிடிஓ-வைச் சேர்த்து, மிஷினைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக்கை இறக்கினேன். மிஷின் இறங்கவில்லை. மண்ணின் மேல் நின்றுகொண்டு குதித்தது. அதோடு டிராக்டரைப் பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுவது போல வண்டி முன்னால் பாய்ந்தது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. இது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. டிராக்டர் சக்கரம் சுற்றுகிற அதே பக்கமாகத்தான் ரோட்டரும் சுற்றுகிறது. பிளேடு மேலிருந்து கீழே கொத்தி, கொத்திய மண்ணைப் பின்னால் வாரி எறிய வேண்டும். மண் விட்டுக்கொடுத்தால் சரி. விட்டுக்கொடுக்காவிட்டால் 36 பிளேடும் சேர்ந்து இன்னொரு சக்கரமாகி, நிலத்தைக் கால் கொடுத்து உதைத்து வண்டியைத் தள்ளும். நான் மண்ணை உழவில்லை, மண்தான் என்னை ஓட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு சால் அப்படிப் போனேன். பின்னால் புகை மாதிரிப் புழுதி. திரும்பிப் பார்த்தால் பெரிய வேலை நடந்த மாதிரி இருக்கும். இறங்கிக் காலால் தள்ளிப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே பாளம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது சாலில் ஓடை ஓரத்தில் மண்ணுக்குள் இருந்த பழைய உடைமரத் தூர் ஒன்று மாட்டியது. இரண்டு பிளேடு முறிந்தது. பிடிஓ சாஃப்ட்டின் இணைப்பில் இருக்கும் கிராஸ் போய்விட்டது. எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய், அரை மணி நேர உழவுக்கு.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா திட்டவில்லை. "ஏய்யா, காஞ்ச மாவுல யாராச்சும் புட்டு அவிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்போது எனக்கு அது சும்மா கிண்டலாகத்தான் பட்டது.

கிராஸ் மாற்றிய பட்டறைக்காரர் இன்னும் நேரடியாகச் சொன்னார். "அண்ணாச்சி, இது உழுற சாமான் இல்ல. உழுததுக்கு அப்புறம் போடுற சாமான். எல்லாரும் கலப்பைய மூலையில போட்டுட்டு இத மட்டும் வச்சே காலத்த ஓட்டணும்னு பாக்காங்க. எனக்கென்ன, யாவாரம்தான்." முறிந்த பிளேடுகளை எடுத்துக் காட்டினார். முனை தேய்ந்து, வளைவு பாதிதான் மிச்சம் இருந்தது. தேய்ந்த பிளேடு வெட்டாது, தட்டும் என்றார். எங்கள் மண்ணில் அங்கங்கே கிடக்கும் சுக்கான்கல் பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்: சாஃப்ட்டின் மேல்மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், சாரம் (கைலி) கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், பிளேடில் சுற்றிய கொடியை எடுக்க இன்ஜினை நிறுத்தாமல் இறங்காதீர்கள். பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று. சாரத்தின் நுனியைப் பிடித்தால் ஆளை இழுக்க ஒரு நொடிகூட ஆகாது.

அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க இந்த மிஷினைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸில் கில்காண்ட்ரா என்ற ஊரில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹவர்ட் என்ற இளைஞர் 1912-ல் தன் அப்பாவின் பண்ணையில் நீராவி டிராக்டரின் விசையை எடுத்துச் சுழலும் உழவைச் செய்து பார்க்கிறார். முதலில் செய்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன. அப்புறம்தான் ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைந்த பிளேடைச் செய்தார். நம் ஊர் மிஷினில் இன்றைக்கும் இருப்பது அதே 'எல்' பிளேடுதான். 1920-ல் காப்புரிமை வாங்கினார். ரோட்டவேட்டர் என்ற பெயரும் அவருடைய கம்பெனி வைத்ததுதான். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நம்முடைய விகடகவி மாதிரி, முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. ஆனால் என்னை நிறுத்திவைத்த விஷயம் வேறு. சாதாரண உழவில் மண் அழுந்தி இறுகிப்போகிறது, சுழலும் உழவில் அது இல்லை என்பதைக் கண்டுகொண்டதால்தான் அவர் இந்த வழியில் மேலே போனார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கணக்கு எழுதுகிறவனுக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. என் மிஷினில் ரோட்டர் நிமிஷத்துக்குச் சுமார் 210 சுற்று. வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் போனால் நிமிஷத்துக்கு 50 மீட்டர். ஒரு சுற்றுக்கு 24 சென்டிமீட்டர் வருகிறது. பிளேடு மாட்டுகிற ஒவ்வொரு வட்டிலும் ஆறு பிளேடு, மூன்று இடப்பக்கம் பார்க்கும், மூன்று வலப்பக்கம். ஒரு பக்கத்து மூன்று பிளேடும் அந்த 24-ஐப் பங்குபோட்டால், ஒரு பிளேடு கடிக்கிற துண்டு எட்டு சென்டிமீட்டர். வண்டியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் துண்டு நான்கு சென்டிமீட்டர் ஆகிவிடும். ரோட்டருக்குப் பின்னால் தொங்கும் பலகையை இறக்கிவிட்டால் எறியப்பட்ட துண்டு அதில் மோதி இன்னும் உடையும். அதாவது மெதுவாக ஓட்டி, பலகையை இறக்கினால் மாவு. வேகமாக ஓட்டி, பலகையைத் தூக்கினால் கட்டி. இந்தக் கணக்கு கையில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாவு செய்ய வழி தெரிந்துவிட்டது அல்லவா!

அடுத்த வருஷம் பட்டறைக்காரர் சொன்னபடியே செய்தேன். கோடை மழைக்குப் பிறகு கொத்துக்கலப்பையில் இரண்டு சால், அதற்கு மேல் ரோட்டவேட்டர். இறங்கியது, நன்றாகவே இறங்கியது. ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் விதைப்புக்கு முன் இன்னொன்று. மெதுவாக ஓட்டினேன், பலகையை இறக்கி ஓட்டினேன். ஆறு ஏக்கரும் சலித்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும். போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். துபாயில் இருக்கும் சின்ன அத்தை மகன்கூட கைதட்டல் படம் அனுப்பினான்.

எங்கள் பக்கம் பருவமழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிற பழக்கம் உண்டு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் அதைத்தான் சொல்கிறது. விதையைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டால், சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், நல்ல மழைக்குத்தான் எழும்பும். நான் உளுந்து போட்டேன். ஐப்பசியில் முதல் பெருமழை, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காடு முழுக்க மெழுகிவிட்ட தரை. மேல் மாவு சேறாகி, வழுவழுவென்று மூடிக்கொண்டுவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடைக்குப் போயிருந்தது, என் மண்ணையும் கூட்டிக்கொண்டு. அது காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஒரு ஏடு. உளுந்து முளை அதை முட்டிக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே வளைந்து கிடந்தது. வந்தது வந்த இடத்தில், வராதது திட்டுத் திட்டாகச் சொட்டை.

பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வெறும் கலப்பையில் உழுது, தலை தலையாகக் கட்டி கிடக்க விதைத்திருந்தார். புரட்டாசியில் அதைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்திருந்தேன். அவர் காட்டில் ஒவ்வொரு கட்டிக்கும் பின்னால் மழை தேங்கி, அங்கேயே இறங்கியிருந்தது. கட்டிகளோ மழை பட்டதும் தாமாகவே உதிர்ந்திருந்தன. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்தால் நீறுமே, அந்த மாதிரி.

கரிசலின் குணமே இதுதான். இந்த மண்ணில் ஏறக்குறைய பாதி களி. அந்தக் களித்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடாக இருக்குமாம். தண்ணீர் பட்டால் ஏடுகளுக்கு நடுவில் புகுந்து தள்ளும், மண் உப்பும். காய்ந்தால் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், மண் சுருங்கி வெடிக்கும். மேலே உதிர்ந்த பொடி வெடிப்புக்குள் விழும். அடுத்த மழையில் அடியிலிருந்து உப்பி மேலே வரும். இப்படி வருஷா வருஷம் தன்னைத்தானே கிளறிக்கொள்கிற மண் இது. உலக மண் வகைப் பட்டியலில் இதற்கு வெர்டிசால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், லத்தீனில் திருப்புதல் என்ற சொல்லிலிருந்து. திருப்பிப்போடுகிற மண். ஒரு நனைச்சல், ஒரு காய்ச்சல் என்று மாறி மாறி வந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துவிடும். நான் டீசல் ஊற்றிச் செய்ததை மழை சும்மா செய்துகொடுத்திருக்கும், நான்தான் பொறுக்கவில்லை.

இன்னொரு தடவை எதிர்ப்பக்கம் தவறினேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மழை. எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தது, இறக்கிவிட்டேன். பிளேடில் மண் உருண்டை உருண்டையாக ஒட்டி, ரோட்டரே ஒரு உரல் மாதிரி ஆகிவிட்டது. அரை ஏக்கரில் நிறுத்திவிட்டு, மண்ணைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். அந்த அரை ஏக்கர் காய்ந்தபோது செங்கல் சூளைக்குக் கொடுக்கிற பதத்தில் இருந்தது. மறு வருஷ மழை வரை அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மண்ணுக்குக் காலண்டரில் சிவப்பு எழுத்து தெரியாது என்பதுதான் என் மாதிரி ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்கு நிஜமான கஷ்டம். பதம் என்பது இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். அது செவ்வாய்க்கிழமை வரும்.

அப்போதும் எனக்கு அடியில் நடந்தது தெரியாது. மூன்றாவது வருஷம் பருத்தி போட்டேன். கார்த்திகையில் நல்ல மழை, மார்கழியில் ஒரு வாரம் வெயில். பெரியப்பா காட்டுப் பருத்தி பச்சையாக நிற்கிறது, என்னுடையது மத்தியானமானால் தலையைத் தொங்கப்போடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் ஐந்து அங்குலம் நேராகப் போய், அப்புறம் முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. நான்கைந்து இடத்தில் பிடுங்கினேன், எல்லாம் அதே மாதிரி. குழி வெட்டிப் பார்த்தால் மேலே பொலபொலவென்று மண், அதற்குக் கீழே ஒரு விரல்கடை கனத்துக்குத் தட்டு மாதிரி இறுகிப்போன மண். கையால் தடவினால் வழவழப்பு. பிளேடின் அடி ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழத்தில் தேய்த்துத் தேய்த்து, இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கியிருக்கிறது. கோடை வெடிப்பு அதை அங்கங்கே கிழித்தாலும் மூன்று வருஷத் தேய்ப்புக்கு அது போதவில்லை. மண் இறுகக் கூடாது என்று ஒருவர் தொடங்கிய வேலை, என் கையில் மண்ணை இறுக்கிவிட்டது. பிளேடும் 'எல்', வேரும் 'எல்'.

இதை உடைக்க, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறுகிற உளிக்கலப்பை வேண்டும். எங்களிடம் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டரைக் கருவியோடு வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று பெரியப்பா சொல்லி, பதிந்துவைத்தேன். அரை மீட்டர் இடைவெளி விட்டு நெடுக ஒரு முறை, அப்புறம் குறுக்கே ஒரு முறை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை அதுதான், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்கிறார்கள். இதை மட்டும் காய்ந்த மண்ணில்தான் செய்ய வேண்டும். ஈரத்தில் உளி வெண்ணெயில் கத்தி மாதிரிக் கோடு போட்டுவிட்டுப் போய்விடும். காய்ந்திருந்தால்தான் அடியில் தட்டு படபடவென்று விரிசல் விடும். என் பழைய டிராக்டரை இடித்து அலற வைத்த அதே மே மாதத்து மண்ணில், அந்த உளி திணறித் திணறித்தான் போனது, ஆனால் போனது. பாறாங்கல் மாதிரிப் பாளங்கள் புரண்டு கிடந்தன. பார்க்கவே அலங்கோலம். போட்டோ எடுக்கவில்லை.

மிஷினை விற்றுவிடலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, நான்தான் இல்லாத வேலையெல்லாம் கொடுத்தேன். மக்காச்சோளத் தட்டையை, பருத்திமாரை நறுக்கி மண்ணோடு கலக்க அதை விட்டால் ஆள் இல்லை. முன்பெல்லாம் கொளுத்திவிடுவோம். இப்போது கோடை மழைக்குப் பிறகு பதம் பார்த்து ஒரே ஒரு சால், பலகையைத் தூக்கிவைத்து, கொஞ்சம் வேகமாக. கட்டி கிடந்தால் கிடக்கட்டும். விதைப்புக்குக் கலப்பைதான். அருகம்புல் பிடித்த கீழ் மூலைப் பக்கம் மிஷினைக் கொண்டுபோவதே இல்லை. அருகை நறுக்கினால் கணுவுக்குக் கணு முளைக்கும். ஒரு செடியை நூறாக்கி ஆறு ஏக்கருக்கும் நானே விதைத்த புண்ணியம் முதல் இரண்டு வருஷத்தில் எனக்குச் சேர்ந்துவிட்டது. இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பதம் பார்க்கிற வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டேன். மேல் மண்ணைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாலு அங்குலம் தோண்டி, அந்த ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிடிக்க வேண்டும். திரி மாதிரி உருண்டு நீண்டால் ஈரம் அதிகம். பிடியே படாவிட்டால் காய்ந்துவிட்டது. பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். கம்பு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டு அம்மா பார்க்கிற அதே பார்வைதான். முதல் வருஷம் வரப்பில் நின்று அவள் சொன்னது கிண்டல் இல்லை, செய்முறை.

இந்தச் சித்திரையில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி நல்ல மழை. செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தேன். "இன்னும் கொழுக்கட்ட மாவு மாதிரி இருக்கு" என்றாள். புதன்கிழமை, "கைல ஒட்டுதுய்யா." வியாழக்கிழமை ஆபீஸில் மாசக் கணக்கு முடிக்கிற நாள், மேஜை முழுக்கப் பில். பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"நாளைக்கு வந்துரு. நாளான்னிக்கு ஆயிட்டா காஞ்சிரும்."

"நாளைக்கு லீவு கேட்டா மேனேஜர் கடிப்பாரும்மா."

"சரி, அப்ப நான் யாரையாச்சும் வாடகைக்குப் பிடிக்கட்டா?"

லீவு லெட்டரில் காரணம் என்று ஒரு கோடு இருக்கும். அதில் உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, போகிற வழியில் பட்டறையில் நின்று ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக்கொண்டேன்.